பழவேற்காடு ஏரிக்குச் செல்ல ஏற்ற காலம்

பழவேற்காடு ஏரிக்குச் செல்ல விரும்புவோர் நாட்காட்டியைப் பார்ப்பதற்கு முன், அந்த ஆண்டு எவ்வளவு மழை பெய்தது என்று பார்க்க வேண்டும். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான இது, தெற்கே திருவள்ளூர் மாவட்டத்தில் சிறு பகுதியும் வடக்கே ஆந்திரத்தில் பெரும்பகுதியுமாக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்து கிடந்தாலும், இதன் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். ஓரடி நீர் ஏறினாலும் இறங்கினாலும் பறவைகள் நிற்கும் இடம் மாறிவிடும்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது ஆரணியாறும் காளங்கியாறும் கொண்டுவரும் வெள்ளத்தால் ஏரி நிரம்பி, உப்பு குறைகிறது. வலசைப் பறவைகள் அப்போதே வரத் தொடங்கிவிடும் என்றாலும், நீர் ஆழமாக இருப்பதால் நடந்து மேயும் பறவைகள் ஓரிடத்தில் திரளுவதில்லை. புயலும் மழையும் பயணத்தைக் கெடுக்கவும் கூடும். மழை ஓய்ந்து நீர் வடியத் தொடங்கும் காலம், அதாவது ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி இறுதி வரை, என் கணிப்பில் மிகச் சிறந்தது. மழை கொட்டித் தீர்த்த ஆண்டாக இருந்தால் பிப்ரவரியையும், பொய்த்த ஆண்டாக இருந்தால் டிசம்பர் இறுதியையும் தேர்ந்தெடுப்பது நல்லது.

இங்கு வரும் பூநாரை (ஃபிளமிங்கோ) மேயும் விதத்தைப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். நெடிய கால்களால் ஆழம் குறைந்த நீரில் நடந்துகொண்டே, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, வளைந்த அலகை நீருக்குள் நுழைத்து, நாக்கை முன்னும் பின்னும் அசைத்துச் சேற்றுநீரை உறிஞ்சி வெளியேற்றும். அலகின் ஓரத்தில் சல்லடைபோல் அமைந்த தகடுகளில் சிற்றுயிர்களும் பாசியும் தங்கிவிடும். இதற்கு இடங்கொடுக்கும் அளவுக்கு நீர் வடிந்திருக்க வேண்டும், முற்றிலும் வற்றியும் விடக் கூடாது. கூட்டம் எழுந்து பறக்கும்போது, அதுவரை வெண்மையாகத் தெரிந்த உடல்களிலிருந்து செந்நிறமும் கருநிறமும் விரிவதை ஒருமுறை கண்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

பூநாரைகளைக் காண, சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியை ஊடறுத்துச் செல்லும் சாலையே சிறந்த இடம். சென்னையிலிருந்து ரயிலில் சூளூர்பேட்டை வரை வந்து, அங்கிருந்து ஆட்டோவிலோ காரிலோ செல்லலாம். சூரியன் உதித்த முதல் இரண்டு மணி நேரத்துக்குள் அங்கிருப்பது நல்லது. குளிர்காலச் சூரியன் தென்கிழக்கில் இருப்பதால், சாலைக்கு வடபுறம் நிற்கும் பறவைகள்மீது வெளிச்சம் நன்றாக விழும். படம் எடுப்போர் இதைக் கவனத்தில் கொள்ளலாம். பொதுவாக ஜனவரியில் ஆந்திர அரசு நடத்தும் பூநாரைத் திருவிழாவின்போதும், ராக்கெட் ஏவும் நாள்களிலும் இச்சாலையில் நெரிசல் மிகும் என்பதால், அமைதியாகப் பறவை பார்க்க விரும்புவோர் அந்நாள்களைத் தவிர்த்துவிடுவது நலம். அதே பயணத்தில் அருகிலுள்ள நேலபட்டு பறவைகள் சரணாலயத்தையும் சேர்த்துக்கொண்டால், நீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் கூழைக்கடாக்களை (பெலிகன்) காணலாம்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை செல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வடபகுதியில் நீர் வற்றிச் சேறு பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும் ஆண்டுகளில், எஞ்சிய நீரின் உப்பு கடல்நீரின் உப்பையும் மிஞ்சும். மீனவர்களுக்கும் அது கடினமான பருவம்.

தென்முனையிலுள்ள பழவேற்காடு ஊருக்குச் செல்ல, பொன்னேரி ரயில் நிலையத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம். 1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டையின் சிதைவுகளும், வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் கொண்ட டச்சுக் கல்லறைத் தோட்டமும் இங்குள்ளன. இவற்றைப் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்தபின் ஏரிக்கரைக்கு வருவது நன்று. யாரேனும் படகில் முகத்துவாரம்வரை அழைத்துச் செல்வதாகச் சொன்னால் தயவுசெய்து ஏறாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரி தடைசெய்யப்பட்டது. மாலையில் வலையோடு திரும்பும் படகுகளையும், அவற்றைச் சுற்றிவரும் ஆலா என்னும் கடற்பறவைகளையும் பாலத்தின்மீது நின்றே கண்ணாரக் காணலாம்.