ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஜெல்லில் பளிச்சென்று ஒரு கோடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியாவில் புதிதாகக் கைவைப்பவர்கள், டிஎன்ஏ துண்டுகளை நீள வாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல் படத்தை நீட்டி, "பிளாஸ்மிட் கிடைத்துவிட்டது", அதாவது குரோமோசோமுக்கு வெளியே தனி டிஎன்ஏ கிடைத்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பதறுகிறது. நானும் ஒருகாலத்தில் அதையேதான் சொன்னேன். குழாயில் பெயர் எழுதுவது, கையுறை போடுவது எல்லாம் எல்லோரும் சொல்லித் தருவார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

அந்தக் கோட்டைப் பிளாஸ்மிட் என்று நம்புவது

இந்த மண் பாக்டீரியாவின் குரோமோசோம் வட்டமல்ல, இரண்டு நுனிகள் உள்ள இழை; நீளம் 80 லட்சம் பேஸுக்கு (டிஎன்ஏ எழுத்துக்கு) மேல். நுனிப் பக்கங்கள் நிலையாக இருப்பதில்லை. லிவிடன்ஸ் இனத்தில் ஓரிடத்தில் 1 கிலோபேஸ் (ஆயிரம் பேஸ்) துண்டும் 4.7 கிலோபேஸ் துண்டும் மாறி மாறி வரும்: 1, 4.7, 1, 4.7, 1. அடுத்தடுத்து ஒரே தொடர் இருப்பதால், 5.7 கிலோபேஸ் அலகு பெருகத் தொடங்கினால் 200, 300 பிரதிகள் வரை போய்விடும். 200 என்றே வைத்துக்கொள்வோம்: 11.4 லட்சம் பேஸ். டிஎன்ஏவை வெட்டும் நொதி போட்டு ஜெல்லில் ஓட்டினால், மற்றத் துண்டுகளின் மங்கலான இழுவைக்கு நடுவே அந்த 5.7 கிலோபேஸ் துண்டு தனியாக ஒளிரத்தான் செய்யும்.

அதைப் பிளாஸ்மிட்டாகப் பிரித்தெடுக்க மூன்று மாதம் போராடினேன். ஜெல்லின் பக்கத்து லேனில் (வரிசையில்) வெட்டாத டிஎன்ஏவை ஓட்டியிருந்தால் அன்று மாலையே தெரிந்திருக்கும். கடைசியில் ஓட்டியபோது தனிக் கோடு எதுவும் இல்லை, எல்லாம் குரோமோசோமோடு மேலேயே நின்றது. நொதியைக் குறைத்து அரைகுறையாக வெட்டினேன். 5.7, 11.4, 17.1 என்று ஏணிப்படிகள்! வரிசையாக ஒட்டிய பிரதிகளுக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டுமா?

போன மூன்று மாதத்தைவிட, இன்னும் ஆறாதது வேறொன்று. இந்தப் பெருக்கம் தனியாக வராது. பக்கத்தில் பெரிய நீக்கமும் சேர்ந்தே வரும். குளோராம்ஃபெனிகால் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தாங்கும் திறன் போகும், அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் மரபணுவும் போகும். என் காலனிகள் குறைந்தபட்ச ஊடகத்தில் (அர்ஜினின் போன்றவை சேர்க்காத உணவுக் கலவையில்) வளரவே இல்லை. ஊடகத்தில்தான் கோளாறு என்று அதை இரண்டு முறை புதிதாகக் காய்ச்சினேன். ஒரு சிட்டிகை அர்ஜினின் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. அதுவரை எடுத்த அளவீடுகள் எல்லாம் நுனி இழந்த ஒரு திரிபின் அளவீடுகள்.

காலனிகளைத் தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே போவது

குளோராம்ஃபெனிகாலைத் தாங்காத திரிபு நூறு ஸ்போருக்கு (வித்துக்கு) ஒன்று என்ற அளவை ஒட்டித் தானாகவே தோன்றும். முதல் ஸ்போர்களை 20 சதவீதக் கிளிசராலில் உறையவைத்து, ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

சாதாரண பிசிஆர் கலவை

பிசிஆர் (டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும் முறை) செய்யும்போது ஒன்று: இந்த டிஎன்ஏவில் ஜி, சி எழுத்துகள் 70 சதவீதத்துக்கு மேல். இழைகள் பிரிய உதவும் டிஎம்எஸ்ஓ கரைப்பானைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிசிஆரைத் தொடங்கிவைக்கும் பிரைமரைத் திரும்பவரும் தொடருக்குள் வைப்பது

வேண்டாம்.

குறு வாசிப்புகளின் தொகுப்பை அப்படியே நம்புவது

டிஎன்ஏவைச் சிறு துண்டுகளாகப் படித்ததைச் சேர்த்துக் கோக்கும் மென்பொருள் 200 பிரதிகளையும் ஒன்றாக மடித்துவிடும். வாசிப்பு ஆழத்தை (ஓரிடம் எத்தனை முறை படிக்கப்பட்டது என்பதை) பாருங்கள்: பெருகிய இடத்தில் அது மலைபோல் எழும். அப்புறம், அதிலிருந்து நுனி வரை ஆழம் பூஜ்ஜியமாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.