கயிறு கொழுவ முதல் கொஞ்சம் நில்லுங்கோ தம்பியவை

போன கிழமை முல்லைத்தீவில, ஒட்டுசுட்டானுக்கு உள்ளுக்கை ஒரு வயல் றோட்டில, புதுசா ஃபீல்டுக்கு வந்த ஆறு பேருக்கு ஃபோர் வீல், அதுதான் நாலு வீலும் இழுக்கிற வாகனம், ஓடப் பழக்கினன். ரெண்டு பேர் விவசாயப் போதனாசிரியர்மார், ஒராள் நீர்ப்பாசனம், மிச்சம் கண்ணிவெடி அகற்றுற வேலைக்கு வந்த பெடியள். எல்லாரும் லைசன்ஸ் வைச்சு ஏ9 றோட்டில பறக்கிற ஆக்கள்தான். சேத்துக்குள்ள இறங்கி அரை மணித்தியாலத்தில, கன வருசத்துக்கு முதல் நான் விட்ட பிழை எல்லாத்தையும் ஒண்டும் மிச்சம் விடாமல் விட்டுக் காட்டினாங்கள். சிரிப்பும் வந்தது, ஒரு இடத்தில கோவமும் வந்தது. அதுதான் இது.

சீற் பெல்ட் போடு, குடிச்சிட்டு ஓடாதை எண்டெல்லாம் நான் எழுதப் போறதில்லை. அது தெரியாதவர் வாகனத்தையே தொடக் கூடாது.

புதைஞ்ச பிறகு ஃபோர் வீல் போடுறது

சேறு தெரியுதெண்டா இறங்க முதலே போடுங்கோ. ரெண்டு வீலில போய் இறுகி, அக்சிலேற்றரை மிதிச்சுக் கிடங்கு தோண்டிப் போட்டு, பிறகு லீவரைத் தேடுறதில பிரயோசனம் இல்லை. எல்4 (மெதுவா, கூடின வலுவோட இழுக்கிற ஃபோர் வீல் கியர்) எண்டா வாகனத்தை நிப்பாட்டி, நியூட்ரலில வைச்சு மாத்த வேணும். காய்ஞ்ச தார் றோட்டில ஏறினதும் ஃபோர் வீலைக் கழட்டிப் போடுங்கோ, இல்லாட்டி வளைவில கியர்பெட்டி முறுகிக்கொண்டு நிக்கும், பிறகு கராச்காரருக்கு நல்ல வருமானம்.

பெருவிரல்

ஸ்ரியரிங்குக்கு உள்ளுக்கை விடாதேங்கோ. கல்லிலயோ வேரிலயோ வீல் அடிச்சா ஸ்ரியரிங் சுத்துற சுத்தில விரல் போயிடும்.

கயிறை ட்ரெயிலர் குண்டில கொழுவுறது

கோவம் வந்த இடம் இதுதான். வாகனம் புதைஞ்ச உடன, நான் சொல்ல முதலே ஒரு பெடியன் ஓடிப்போய்க் கயிறை எடுத்து, பின்னாலை ட்ரெயிலர் கொழுவுற குண்டு இருக்குதெல்லோ, அதில மாட்டிப் போட்டு "அண்ணை, உழவு மெசினைக் கூப்பிடுவமோ?" எண்டு கேட்டான். உதவி செய்யிற சந்தோசம் அவன்ர முகத்தில. எனக்கெண்டா வயித்தைப் பிசைஞ்சது.

2012 மாரி. முத்தையன்கட்டுக்கு அங்கால ஒரு கமக்காரச் சனம் பாவிக்கிற பாதை, நாங்கள் மூண்டு பேர், ஒரு டபுள் கேப். பொழுது படப் போகுது, யானை இறங்கிற நேரம், எல்லாருக்கும் அவதி. வயலால வந்த ஒரு ஐயா உழவு மெசினோட நிண்டு, "கயிறு இருந்தாத் தாங்கோ பிள்ளையள், இழுத்து விடுறன்" எண்டார். நான் தடிச்ச நைலோன் கயிறு ஒண்டை எடுத்துக் குண்டில கொழுவினன். நான்தான். மெதுவா இழுக்க அசையேல்லை. அப்ப நானே சொன்னன், "ஐயா, கொஞ்சம் பின்னுக்கு வந்து சடாரெண்டு ஒரு வெட்டு வெட்டி இழுங்கோ" எண்டு. அவரும் வெட்டினார். வெடி வைச்ச மாதிரி ஒரு சத்தம். குண்டு கழுத்தோட முறிஞ்சு, கயிறோட பறந்து போய் உழவு மெசின்ர மட்காட்டில அடிச்சு, தகரம் உள்ளுக்குப் போயிட்டுது. ஐயான்ர துடைக்கும் அதுக்கும் இடையில ஒரு சாண் இருக்கும்.

அந்த மனிசன் ஒண்டுமே சொல்லேல்லை. இறங்கி மட்காட்டைப் பாத்தார், மடியில இருந்து வெத்திலையை எடுத்து வாயில போட்டார், கயிறைக் கழட்டி எறிஞ்சு போட்டு மெசினை எடுத்துக்கொண்டு போயிட்டார். பேசியிருந்தா எனக்கு ஆறியிருக்கும்.

ஏன் முறிஞ்சது? அந்தக் குண்டு ட்ரெயிலரை ஒரு சீரா இழுக்கச் செய்தது, வெட்டி இழுக்கிற பாரத்துக்கு இல்லை. களி ரயரைக் கவ்விப் பிடிக்கேக்க வாகனத்தின்ர பாரம் மட்டுமில்லை, அந்தக் கவ்வலையும் சேர்த்துத்தான் கயிறு இழுக்குது. நைலோன் இழுபட்டு இழுபட்டு ரப்பர் மாதிரி வலுவைச் சேத்து வைச்சிருக்கும், எங்கை பலவீனமோ அங்கை முறிஞ்ச உடன அவ்வளவையும் ஒரு துண்டு இரும்பில போட்டு எறியும். சங்கிலி பாவிச்சாத் தப்பலாம் எண்டு நினைக்காதேங்கோ, அது இழுபடாது, அதால வெட்டின வெட்டு முழுக்க நேர கொழுக்கியில இறங்கும்.

இண்டைக்கும் எனக்குக் கடுப்பேத்திறது என்னெண்டா, ஐயா போன பிறகு வேற வழியில்லாமல் மண்வெட்டியை எடுத்து வீலுக்கு முன்னாலயும், டிஃபரென்சல் மண்ணில குந்தியிருந்த இடத்திலயும் வெட்டி, ரயரில காத்தைப் பாதிக்குக் கிட்ட இறக்கி, கொப்பு முறிச்சுப் போட்டு, எல்4இல மெதுவா எடுத்தம். முக்கால் மணித்தியாலத்தில வாகனம் தானா ஏறி வந்திட்டுது. இழுக்கவே தேவையில்லாத வாகனம்! ஒரு மனிசன்ர காலுக்கு விலை வைச்சு நான் மிச்சம் பிடிக்கப் பாத்தது அந்த முக்கால் மணித்தியாலத்தை.

அதால முதல் மண்ணை வெட்டுங்கோ, காத்தை இறக்குங்கோ. முப்பத்திரண்டு பிஎஸ்ஐயில இருக்கிறதைப் பதினெட்டு, இருவதுக்குக் கொண்டு வந்தா ரயர் சப்பையாகிக் கனக்க இடத்தைப் பிடிக்கும் (பம்ப் கொண்டு போங்கோ, தார் றோட்டில அந்தக் காத்தோட வேகமா ஓடினா ரயர் சூடாகி வெடிக்கும்). அப்பிடியும் வரேல்லையெண்டா மட்டும் கயிறு. சஸியில போல்ட் பண்ணின இழுவைக் கொழுக்கியில கொழுவுங்கோ, பம்பரிலயும் அக்சிலிலயும் வேண்டாம், குண்டில ஒருக்காலும் வேண்டாம். கயிறின்ர நடுவில ஒரு ஈரச் சாக்கைப் போடுங்கோ, அறுந்தா அது பாயாமல் அமத்தும். பாக்க வந்த சனத்தை, கயிறு எவ்வளவு நீளமோ அதைவிட ஒண்டரை மடங்கு தூரத்துக்குக் கலையுங்கோ. எங்கட ஊரில வாகனம் புதைஞ்சா திருவிழா மாதிரிக் கூடுங்கள், சின்னப் பிள்ளையள் கயிறுக்கு மேலாலயே பாயுங்கள், அப்ப இழுக்கக் கூடாது.

அந்தப் பெடியனைக் கொண்டே கயிறைக் கழட்டுவிச்சு மண்வெட்டியைக் குடுத்தன். முகம் தொங்கிப் போச்சு. பரவாயில்லை.

சப்பாத்துப் பாலத்தில தண்ணி

குளம் நிரம்பிக் கலிங்கால வழிஞ்சு, இந்தப் பதிஞ்ச பாலத்துக்கு மேலால தண்ணி பாயுதெண்டா நில்லுங்கோ. அரை மீட்டர் ஆழத்தில ஓடுற தண்ணி போதும் டபுள் கேப்பை அள்ளிக்கொண்டு போக, அடியில பாலம் இருக்கோ அரிச்சுப் போச்சோ எண்டு மேல நிண்டு பாத்துச் சொல்ல ஏலாது. முன்னால ஒரு பஸ் போனதெண்டு பின்னாலை இறங்காதேங்கோ, பஸ்ஸின்ர பாரம் வேற.

திருப்புறதுக்குப் பத்தைக்குள்ள விடுறது

வேண்டாம். ரயர் அடையாளத்தில போனது போல, அதே அடையாளத்தில ரிவர்ஸில வாங்கோ. கண்ணிவெடி இருக்கெண்டு சிவப்புப் பலகை நிக்கிற பக்கம் ஒண்டுக்குக்கூட இறங்கக் கூடாது, வெள்ளம் வந்து போன இடத்தில பலகை இல்லாத பக்கத்தையும் நம்பாதேங்கோ.

யானை

ஹோர்ன் அடிக்காதேங்கோ. படம் எடுக்க இறங்காதேங்கோ.

ஒருத்தருக்கும் சொல்லாமல் போறது

காட்டுக்குள்ள சிக்னல் விட்டு விட்டுத்தான். எந்தப் பாதையால போறன், எத்தினை மணிக்குத் திரும்புவன் எண்டு ஒஃபிசில ஒராளுக்குச் சொல்லிப்போட்டுப் போங்கோ. வீட்டில வேண்டாம், பத்து நிமிசம் பிந்தினாலே அம்மா கிராம சேவையாளரையும் கூட்டிக்கொண்டு றோட்டுக்கு வந்திடுவா.