இந்த உள்ளான் எந்த உள்ளான்?

சென்னையில் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்திலோ பெரும்பாக்கம் ஏரியிலோ முதல்முறை பைனாகுலரைத் தூக்கினால் எல்லாமே ஒன்றுபோலத்தான் தெரியும், சேற்று நிறத்தில் ஒரு ஐம்பது பறவை, ஐம்பதும் குனிந்து கொத்திக்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் இங்கே வரும் உள்ளான் முதலிய கரைப்பறவைகள் பெரும்பாலும் சாம்பலும் பழுப்புமாகவே இருக்கும். அதனால் நிறத்தை வைத்து ஆரம்பிக்காதீர்கள்.

எப்போது போவது? ஆகஸ்ட் கடைசியிலேயே வரத் தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் ஏறிவிட்டால் நிற்க இடமின்றி வேறு பக்கம் போய்விடும். மழை முடிந்து தண்ணீர் வற்றி விளிம்பில் சேறு தெரியும் ஜனவரி முதல் மார்ச் வரை எனக்குப் பிடித்த காலம். காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற மாதிரி நில்லுங்கள், எதிர்வெயிலில் எல்லாமே கறுப்பு நிழல்தான். 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. வில்லை) பைனாகுலர் போதும்.

முதலில் நடையைப் பாருங்கள். கொஞ்சம் ஓடும், டக்கென்று நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம் என்றால் அது உப்புக்கொத்தி. பெரிய கண், குட்டை அலகு, கண்ணால் பார்த்து இரை பிடிக்கும் கூட்டம். தலையைத் தூக்காமல் சேற்றில் அலகைக் குத்திக்கொண்டே போனால் அநேகமாக உள்ளான் வகை. தண்ணீர் விளிம்பில் தனியாக, பின்புறத்தை ஓயாமல் ஆட்டிக்கொண்டு திரிந்தால், தோளுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கீற்று மேலேறுகிறதா என்று பாருங்கள். இருந்தால் அது சாதாரண உள்ளான், சாக்கடைக் கால்வாய் ஓரத்தில்கூடக் கிடைக்கும்.

அப்புறம் அளவு. இதற்கு நான் அளவுகோலாக வைத்துக்கொள்வது நெடுங்கால் உள்ளானை. கறுப்பு இறக்கை, வெள்ளை உடம்பு, குச்சி மாதிரி நீண்ட இளஞ்சிவப்புக் கால், யாராலும் தவறவிட முடியாது, வருஷம் முழுக்க இருக்கவும் செய்யும். அதன் பக்கத்தில் சிட்டுக்குருவி அளவில் கறுப்புக் காலோடு பரபரவென்று ஓடுவது கொசு உள்ளான். முதுகில் வெள்ளைப் புள்ளிகளும் தெளிவான வெள்ளைப் புருவமும் இருந்தால் பொறி உள்ளான், மைனாவைவிடக் கொஞ்சம் சின்னது.

பவளக்காலி, பச்சைக்காலி என்று இரண்டு கரைப்பறவைகள் உண்டு. பவளக்காலிக்குக் கால் செம்மஞ்சள், பச்சைக்காலிக்குப் பச்சை, பெயரிலேயே விடை இருக்கிறது என்று நினைப்பீர்கள். ஆனால் முழங்கால் வரை சேறு பூசிக்கொண்டு நிற்கும்போது காலின் நிறம் எங்கே தெரியும்? பறக்கும் வரை பொறுங்கள், ஆனால் நீங்களாக விரட்ட வேண்டாம். இறக்கையின் பின் விளிம்பில் அகலமாக வெள்ளை தெரிந்தால் பவளக்காலி. இறக்கையில் வெள்ளையே இல்லாமல் முதுகில் மட்டும் வெள்ளை ஆப்பு மாதிரி மேலேறினால் பச்சைக்காலி. அது பெரும்பாலும் ட்யூ ட்யூ ட்யூ என்று மூன்று முறை கத்திக்கொண்டே போகும், மேல்நோக்கி லேசாக வளைந்த அலகும் அதற்கு உண்டு.

பேதை உள்ளானிடம் மட்டும் ஏமாறாதீர்கள். ஆண் பெண்ணைவிட நன்றாகப் பெரியது, காலின் நிறமும் ஆளுக்கு ஆள் மாறும். ஒரே கூட்டத்தை இரண்டு இனம் என்று நான் ஒரு காலைப்பொழுது முழுக்க வாதாடியிருக்கிறேன், கூட வந்தவர் சிரித்துக்கொண்டே இருந்தார். சின்னத் தலை, கொஞ்சம் தொப்பை, முதுகில் செதில் செதிலாக இறகு, இதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கரையை விட்டுச் சேற்றில் இறங்காதீர்கள். பறவை கொத்துவதை நிறுத்தித் தலையைத் தூக்கிவிட்டால் நீங்கள் ரொம்பக் கிட்டே போய்விட்டீர்கள், அப்படியே இரண்டடி பின்வாங்குங்கள். பெயர் தெரியாவிட்டால் அலகு, கால், நடை மூன்றையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்தபின் ஞாபகம் நம்மை நன்றாக ஏமாற்றும்.

சரி, நிறமே வேண்டும் என்பவர்கள் மார்ச் கடைசி, ஏப்ரலில் போங்கள். குளிர்காலம் முழுக்கச் சாம்பலாக நின்ற, கீழ்நோக்கி வளைந்த அலகுக்கார உள்ளான்களில் சில, சைபீரியாவுக்குக் கிளம்பும் முன் செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும்.