பட்டாளத் தேர்வுக்குப் புஷ்-அப் பழகுவது எப்படி?

காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று எங்கள் பக்கம் விடியற்காலையில் அக்னிவீர் தேர்வுக்காக ஓடும் பசங்களை நிறைய பார்க்கலாம். ஓட்டத்துக்கு அவ்வளவு மெனக்கெடுகிறவர்கள், புஷ்-அப்பைக் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். இந்தப் பதிவு அவர்களுக்காகத்தான்.

முதலில் எந்தப் படை என்று முடிவு செய்யுங்கள். தரைப்படையின் ஆள்சேர்ப்பு முகாமில் புஷ்-அப் கிடையாது. அங்கே கம்பியில் தொங்கி எடுக்கும் புல்-அப்தான், பத்து எடுத்தால் 40 மதிப்பெண். விமானப்படையும் கடற்படையும் புஷ்-அப் கேட்கின்றன. விமானப்படையில் ஆண்களுக்கு 1.6 கிலோமீட்டர் ஓட்டம் முடிந்து 10 நிமிட இடைவெளி, அதன்பின் ஒரு நிமிடத்தில் 10 புஷ்-அப். எண்ணிக்கை வருடத்துக்கு வருடம் மாறலாம், அந்த வருட அறிவிப்பைப் படித்துவிடுங்கள்.

பத்துதானே என்று நினைக்க வேண்டாம். ஓடிக் களைத்த உடம்போடு எடுக்க வேண்டும், சரியாக இறங்காததை எண்ணவும் மாட்டார்கள். அதனால் வீட்டில் நிதானமாக 25 எடுக்கிற அளவுக்கு வந்துவிடுங்கள்.

படி 1: உடம்பை நேராக்குவது

உள்ளங்கைகளைத் தோளைவிடக் கொஞ்சம் அகலமாக ஊன்றுங்கள். தலையிலிருந்து குதிகால் வரை ஒரே கோடு. வயிற்றையும் புட்டத்தையும் இறுக்கிப் பிடித்தால்தான் அந்தக் கோடு நிற்கும். முழங்கை பக்கவாட்டில் விரியக் கூடாது, சற்றே பின்பக்கம் சாய்ந்து போகட்டும். இறங்கும்போது மூச்சை உள்ளே இழுங்கள், எழும்போது விடுங்கள். மேலே வந்ததும் கை முழுக்க நீள வேண்டும்.

நம்மூர் உடற்பயிற்சிக் கூடங்களில் தண்டால் பழகியவர்கள் இடுப்பை உயர்த்தி, வளைந்து இறங்கிப் பழகியிருப்பார்கள். அருமையான பயிற்சிதான், ஆனால் தேர்வில் அது செல்லாது.

ஒரு ரப்பர் பந்தை நெஞ்சுக்கு நேர் கீழே தரையில் வையுங்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு பந்தைத் தொட வேண்டும். களைப்பு வந்ததும் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்: நெஞ்சு பந்துக்கு மேலேயே நின்றுவிடும், தலை மட்டும் கீழே குனியும், இடுப்பு தொய்யும். அதற்குமேல் எடுப்பதை எண்ணாதீர்கள். பக்கத்தில் ஒரு நண்பனை உட்காரவைத்து எண்ணச் சொன்னால் இன்னும் நல்லது, தாட்சண்யம் பார்க்காத நண்பனாக இருக்க வேண்டும்.

படி 2: ஒன்றுகூட வராதவர்களுக்கு

மொட்டை மாடிக் கைப்பிடிச்சுவரில் கையை ஊன்றித் தொடங்குங்கள். சுவர் ஆடாமல் உறுதியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதில் 15 சுலபமாக வந்ததும் மாடிப்படிக்கு வாருங்கள், படிப்படியாகக் கீழே இறங்கித் தரைக்கு வந்துவிடலாம். மெதுவாக நாலு விநாடி எண்ணி இறங்கி, முட்டி போட்டு எழுவதும் கைக்கு நல்ல பலம் கொடுக்கும்.

படி 3: பாதி அளவில் பல சுற்று

இதுதான் முக்கியம். தினமும் கை நடுங்கும்வரை எடுத்தால் தாக்குப்பிடிக்கும் சக்தி வராது, தோள்வலிதான் வரும். உங்களால் சுத்தமாக எத்தனை முடியும் என்று ஒருநாள் பாருங்கள். 12 என்றால் அதில் பாதி, அதாவது 6. அதை ஐந்து சுற்று எடுங்கள், நடுவில் ஒன்றரை நிமிடம் ஓய்வு. மொத்தம் 30 ஆகிவிட்டது, ஒன்றுகூட கோணலாக இருக்காது. வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். அடுத்த வாரம் சுற்றுக்கு ஒன்று கூட்டுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதிகபட்சத்தை மறுபடி அளந்து, புதிய பாதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரை மணலில் வேண்டாம், உள்ளங்கை புதைந்து மணிக்கட்டு மடங்கும். மாடித் தரையில் வியர்வை சொட்டினால் கை வழுக்கும், ஒரு துண்டு பக்கத்தில் இருக்கட்டும். மணலி, எண்ணூர் பக்கம் காற்றில் நெடி அடிக்கிற காலையில் ஓட்டத்தை விட்டுவிட்டு வீட்டுக்குள் இதை மட்டும் முடிக்கலாம்.

சாப்பாட்டுக்கு டப்பா பவுடர் தேவையில்லை. முட்டை, சுண்டல், வேர்க்கடலை, வீட்டில் வாங்கும் மீன் போதும். சதை வலித்தால் பரவாயில்லை. மூட்டில் சுருக்கென்று குத்தினால் அன்றோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

படி 4: ஓடிவிட்டு எடுப்பது

தரையில் 20 வந்ததும், வாரத்தில் ஒருநாள் தேர்வு மாதிரியே செய்யுங்கள். 1.6 கிலோமீட்டர் ஓடி, 10 நிமிடம் நடந்து மூச்சை நிதானப்படுத்தி, கடிகாரம் வைத்து எடுங்கள். முதல் தடவை எண்ணிக்கை நன்றாகவே குறையும், அது இயல்புதான். அப்புறம் அவசரத்தையும் அங்கேயே விட்டுவிடலாம்: ஒரு நிமிடத்தில் பத்து என்றால் ஒன்றுக்கு ஆறு விநாடி கிடைக்கிறது. முழுக்க இறங்கி, முழுக்க எழ அது தாராளம்.