வண்டி வரும்வரை: தெருவிலேயே பாதுகாப்புப் பயிற்சி நடத்துவது எப்படி?

மதுரையில் மாசி வீதிகளுக்கு உள்ளே சந்துகளில் குடியிருப்பவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை: தீயணைப்பு வண்டி தெருமுக்கு வரைதான் வரும், அப்புறம் ஹோஸைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடிவர வேண்டும். 2020 தீபாவளி சமயத்தில் நவபத்கானா தெரு ஜவுளிக்கடைத் தீயில் கட்டடம் இடிந்து 2 தீயணைப்பு வீரர்கள் இறந்துபோனது இப்படி நெருக்கடியான பகுதியில்தான். புறநகரில் தெரு அகலம், ஆனால் வண்டி வர தூரம். எப்படிப் பார்த்தாலும் முதல் பத்து நிமிஷம் தெருக்காரர்கள் கையில்தான் இருக்கிறது, அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் பயிற்சி.

முதலில் ஆள் பிடியுங்கள். வழக்கமாக நலச்சங்கக் கூட்டத்துக்கு வருகிற நாலு ஆம்பளைகளும் துடிப்பான காலேஜ் பையன்களும்தான் இதற்கும் வந்து நிற்பார்கள், ஆனால் புதன்கிழமை பகல் பதினொன்றரைக்கு ஒரு வீட்டில் கேஸ் கசிந்தால் அவர்களில் ஒருத்தரும் தெருவில் இருக்கப் போவதில்லை. வீட்டில் இருக்கிற அக்காமார், ரிட்டயர் ஆன பெரியவர்கள், இஸ்திரி போடுகிற அண்ணன், முக்குக்கடை அண்ணாச்சி, இவர்கள்தான் முக்கியம். ஞாயிறு காலை வேண்டாம், பாதிப் பேர் கறிக்கடையில், மீதிப் பேர் அடுப்படியில். சனிக்கிழமை சாயங்காலம் நாலரைக்கு மேல் வைத்தால் வெயிலும் இறங்கியிருக்கும்.

பக்கத்துத் தீயணைப்பு நிலையத்துக்கு நேரில் போய், நிலைய அலுவலருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். இடம், தேதி, எத்தனை பேர் வருவார்கள், பேச வேண்டிய நம்பர், அவ்வளவு போதும். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம் (1944-ல் பம்பாய் துறைமுக வெடிவிபத்தில் இறந்த வீரர்கள் நினைவாக), அப்போது அவர்களே ஊரெங்கும் செயல்விளக்கம் காட்டுவார்கள். ஆனால் சித்திரைத் திருவிழா நெருங்கிவிட்டால் அவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது, அதனால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பயிற்சியில் பேச்சைக் குறையுங்கள். சால்வை போர்த்துகிற வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம். ஒவ்வொருவரும் கையால் செய்து பார்க்க வேண்டும், அதிலும் சிலிண்டரை. சிலிண்டர் வாயில் தீ பிடித்தால் நனைத்த சாக்கின் மேல் இரண்டு முனைகளையும் பிடித்து, விரல்கள் துணிக்குப் பின்னால் மறைகிற மாதிரி உள்பக்கம் மடித்துக்கொண்டு, முகத்துக்கு முன்னால் சாக்கு திரையாக நிற்க, நம் பக்கமிருந்து அந்தப் பக்கமாகப் போர்த்த வேண்டும். தீ அணைந்ததும் ரெகுலேட்டரை மூட வேண்டும். வீரர் செய்யும்போது சுலபமாகத் தெரியும், நம் அக்கா ஒருத்தர் செய்யும்போதுதான் சாக்கை எறிந்துவிட்டு ஓடுகிற ஆசை எவ்வளவு பலமானது என்று புரியும். இரண்டாம் தடவை எறிய மாட்டார். ஆனால் ஒன்று, இது வாயில் எரிகிற சின்னத் தீக்கு மட்டும். சிலிண்டரே தீக்கு நடுவில் இருந்தால் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே ஓடுவதுதான் சரி.

தீ இல்லாமல் வாடை மட்டும் வந்தால் சுவிட்ச் எதையும் தொடக்கூடாது, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து கேஸ் கசிவு உதவி எண் 1906-க்குப் போன் செய்யுங்கள். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையம் பக்கத்தில் நின்ற சுற்றுலாப் பெட்டியில் 9 பேர் இறந்ததும் உள்ளே சிலிண்டர் வைத்துச் சமைத்ததால்தான்.

அடுத்தது, மயங்கி விழுந்தவருக்கு நெஞ்சை அழுத்துகிற முதலுதவி (சிபிஆர்). பொம்மை கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் கெட்டியான தலையணையை வைத்துப் பழகலாம். கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் 108-ஐ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நெஞ்சு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். இரண்டு நிமிஷத்தில் கை ஓய்ந்துவிடும். அதனால் ஜோடி ஜோடியாக நிறுத்தி, ஆள் மாற்றிப் பழக்குங்கள். தீக்காயத்துக்கு 20 நிமிஷம் குழாய்த் தண்ணீர், அவ்வளவுதான். பேஸ்ட், இங்க், தோசை மாவு எதுவும் கிட்டே வரக்கூடாது.

போன் பேசுவதையும் ஒத்திகை பாருங்கள், சிரிக்க வேண்டாம். காமராஜர் தெரு, பாரதியார் தெரு என்று ஏரியாவுக்கு ஒன்று இருக்கிற ஊரில் தெருப் பெயரை மட்டும் சொன்னால் வண்டி வேறெங்காவது போய் நிற்கும். முதலில் ஏரியா, அப்புறம் பக்கத்துக் கோயிலோ ஸ்கூலோ, அப்புறம் தெரு, கடைசியில் என்ன நடந்தது, எத்தனை பேர். எதிர்முனையில் வைக்கும்வரை நாம் வைக்கக்கூடாது. இன்னொருவர் தெருமுக்கில் போய் நின்று கையாட்ட வேண்டும், குறுக்கே நிற்கிற பைக்குகளை நகர்த்துவதும் அவர் வேலை. தீக்கு 101, எல்லாவற்றுக்கும் பொதுவாக 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

மழைக்காலத்துக்குத் தனியாக ஒரு பேச்சு வேண்டும். வைகை அணை 66 அடி வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. கரையோரம் இருப்பவர்களும் யானைக்கல் தரைப்பாலம் வழியாகப் போகிறவர்களும் இதைக் கவனித்தாலே போதும். ஆனால் ஊருக்குள் தண்ணீர் வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் ஆற்றால் இல்லை, வாய்க்காலால். 2024 அக்டோபரில் ஒரே மழையில் பந்தல்குடி வாய்க்கால் நிரம்பி செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்ததற்கு எந்த அணை எச்சரிக்கையும் வரவில்லை. வாசல்படியைத் தண்ணீர் தொடும்போதே, கால் நனையாமல் நின்று மெயினை அணைத்துவிட வேண்டும். மெயின் எங்கே இருக்கிறது என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் தெரியுமா என்று அன்றைக்கே கேட்டுப் பாருங்கள், வாடகை வீடுகளில் பாதிப் பேருக்குத் தெரியாது.

கலைவதற்கு முன்னால் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த வீட்டில் படுத்த படுக்கையாக யார் இருக்கிறார், மாடியா, கீழா, தூக்குவதற்கு எந்த இரண்டு பேர். அந்த இரண்டு பேரையும் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவரை உட்காரவைத்து மாடிப்படியில் ஒருமுறை இறக்கச் சொல்லுங்கள். நாற்காலி படியில் திரும்பாது என்று தெரிந்தால் கெட்டியான போர்வைக்கு மாறிக்கொள்ளலாம்.