பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? பேட்டரி வாங்குமுன் அளந்து பாருங்கள்

வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்து, 10 வயது தாண்டிய காரை வைத்திருப்பவர்கள் சிங்கப்பூரில் நிறைய. அது ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பலர் புது பேட்டரி போட்டுவிடுகிறார்கள். பணம் போனபின் அதே தொல்லை திரும்பி வரும். அதற்குமுன் வோல்ட் அளக்கும் ஒரு மல்ட்டிமீட்டர் வாங்குங்கள். சிம் லிம் டவரில் கிடைக்கும்.

முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். சாவியைத் திருப்பும்போது 'டக்டக்டக்' என்று வேகமாகத் தட்டினால் மின்சாரம் போதவில்லை. ஒரே 'டக்'கோடு நின்றால் ஸ்டார்ட்டர் மோட்டாரையோ தடித்த வயரையோ சந்தேகப்படலாம். சத்தமே இல்லையா? ஆட்டோ கியர் கார் என்றால் பிரேக்கை மிதித்து, கியரை நியூட்ரலில் ('N') வைத்துத் திருப்புங்கள். ஸ்டார்ட் ஆனால் கோளாறு கியர் சுவிட்ச் பக்கம்.

அடுத்து, மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து பேட்டரியின் இரு முனைகளையும் தொடுங்கள். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதிதான், முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். முழு சார்ஜ் இருந்தும், சாவி திருப்பும்போது 9.6க்குக் கீழே போனால் பேட்டரியின் காலம் முடிந்தது. நம் ஊர் வெக்கையில் அது சீக்கிரமே தளரும்.

பேட்டரி சரி என்றால், பலரும் பார்க்காமல் விடும் எர்த் வயருக்கு, அதாவது பேட்டரியின் நெகட்டிவை எஞ்சினோடும் பாடியோடும் இணைக்கும் வயருக்கு, வாருங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழில், மறுமுனை பெயின்ட் இல்லாத எஞ்சின் உலோகத்தில். கையும் வயரும் விசிறி பெல்ட்டுக்கு எட்டாமல் இருக்கட்டும். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் துரு. ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது வெறும் 0.01 ஓம் தடையே 1.5 வோல்ட்டைத் தின்றுவிடும். உள்விளக்குக்கும் ரேடியோவுக்கும் சில ஆம்பியர் போதும். அதனால்தான் அவை நன்றாக வேலை செய்து நம்மைக் குழப்புகின்றன.

சரிசெய்ய, நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். வெள்ளை, பச்சைப் பொடியை சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்து, கம்பி பிரஷ்ஷால் உலோகம் பளிச்சிடும்வரை தேயுங்கள். எர்த் வயர் எஞ்சினிலும் பாடியிலும் பிடிக்கும் போல்ட்டுகளையும் அப்படியே செய்து இறுக்குங்கள். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி.

ஓடும் எஞ்சினில் பேட்டரி முனைகளில் 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 12 சொச்சத்திலேயே நின்றால் ஆல்ட்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. அளவுகளை எழுதிக்கொண்டு பட்டறைக்குப் போங்கள்.