டிபிஏ மாறிவிட்டதா? பழைய ஃபைலை விடாதீர்கள்

மருத்துவமனை இன்சூரன்ஸ் மேசையில் இருப்பவள் சொல்கிறேன். கம்பெனி குழு பாலிசி புதுப்பிக்கப்படும்போது டிபிஏ (காப்பீட்டு நிறுவனத்துக்காக கிளெய்ம் வேலையைப் பார்க்கும் வெளி நிறுவனம்) மாறினால், பழைய அட்டையோடு அட்மிஷனுக்கு வராதீர்கள். ஹெச்ஆரிடம் புது இ-கார்டு வாங்கி, பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். நம் ஊர் இனிஷியல் இருக்கிறதே, தரவு கைமாறும்போது முதலில் தொலைவது அதுதான்!

பெரிய தலைவலி, பாதியில் நிற்கும் கேஸ்கள். கீமோ நடுவில் இருப்பவரிடமும் புது டிபிஏ பயாப்ஸி ரிப்போர்ட்டிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி கேட்கும். பழைய ஒப்புதல் கடிதங்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, கேள்விகளுக்கு அனுப்பிய பதில்கள் எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய கிளெய்மை இனி யார் பார்ப்பார்கள் என்று காப்பீட்டு நிறுவனத்துக்கே மெயில் போடுங்கள். போனில் சொல்வது கணக்கில் வராது.

'சிஸ்டம் இன்னும் மாறவில்லை' என்பார்கள் டிபிஏ ஆட்கள். சரி, அது அவர்கள் பாடு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் 2024 சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜுக்கு 3 மணி நேரத்திலும் முடிவு சொல்ல வேண்டும். கோரிக்கை போன நேரத்தை எங்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிளெய்மை மறுத்தால், பாலிசியின் எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்திடம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணம் கிடையாது.